எத்தனை பிக்சல் போதும்? டிவிடிப் படங்களைக் கையடக்க பிளேயருக்கு மாற்றுவதில் ரெசல்யூஷன் குறித்த நிலைப்பாடுகள்

டிவிடியில் உள்ள படத்தைக் கையடக்க பிளேயரில் பார்க்க வேண்டுமானால் அதைப் புதிய கோப்பாக மாற்றியாக வேண்டும். அப்போது எழும் முதல் கேள்வி, படத்தின் அளவு என்ன என்பது. 320×240ஆ, 480×272ஆ, 640×480ஆ, அல்லது வட்டில் இருப்பது இருந்தபடியேவா? 2000களின் தொடக்கத்திலிருந்து இதற்குப் பல விடைகள் சொல்லப்பட்டுள்ளன. ஒவ்வொரு விடையும் தன் காலத்துக் கருவியையும், அன்றைய சேமிப்பு இடத்தின் விலையையும் ஒட்டிப் பிறந்தது. கருவிகள் மாறின, விடைகள் மட்டும் மென்பொருள்களின் முன்னமைவுகளில் தங்கிவிட்டன. ஏன் அந்த எண் என்று தெரியாமலேயே பலர் இன்றும் அவற்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

கேள்வி சிறியதாகத் தோன்றலாம். ஆனால் மாற்றும்போது கழித்துவிட்ட பிக்சலை அந்தக் கோப்பிலிருந்து மீட்க வழியில்லை. வட்டு கீறிப்போய், கடைகளில் மறுபதிப்பும் இல்லாத படமாக இருந்தால், அன்று அவசரத்தில் தேர்ந்த எண்ணே அந்த வீட்டில் அந்தப் படத்தின் கடைசி அளவாகிவிடும். ஆகவே இக்கட்டுரை இதுவரை சொல்லப்பட்ட விடைகளை ஐந்து நிலைப்பாடுகளாக வகுத்து, ஒவ்வொன்றின் பிறப்பிடத்தையும் பலவீனத்தையும் பார்க்கிறது. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் 2004க்கும் 2010க்கும் இடைப்பட்டவை. தனிப் பிளேயர்கள் செழித்திருந்த காலம் அது. டிவிடியின் பூட்டைத் திறந்து நகலெடுப்பது சட்டப்படி செல்லுமா என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும். அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டு டிஎம்சிஏ சட்டம் பூட்டைத் திறப்பதையே தடுக்கிறது. அந்த விவாதம் தனியானது. இங்கே தொழில்நுட்பக் கேள்வி மட்டும் எடுத்துக்கொள்ளப்படுகிறது.

வட்டில் உள்ள அளவு

டிவிடி 1996 நவம்பரில் ஜப்பானிலும் 1997 மார்ச்சில் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தது. அதில் படம் எம்பெக்-2 முறையில் சுருக்கப்பட்டிருக்கும். என்டிஎஸ்சி என்ற டிவி முறைக்கான வட்டில் முழு ஃபிரேமின் அளவு 720×480. பால் என்ற டிவி முறைக்கான வட்டில் 720×576. முதலாவதில் 3,45,600 பிக்சல், இரண்டாவதில் 4,14,720 பிக்சல். வேறு சில சிறிய அளவுகளையும் டிவிடி தரம் அனுமதித்தாலும், கடையில் வாங்கும் படங்களில் பெரும்பாலும் இருப்பவை இவ்விரண்டே.

720 என்ற எண் 1982இல் ஏற்கப்பட்ட, பின்னர் ரெக். 601 என்று பெயர் பெற்ற, ஸ்டுடியோ தரத்திலிருந்து வந்தது. 525 கோட்டு முறைக்கும் 625 கோட்டு முறைக்கும் பொதுவாக 13.5 மெகாஹெர்ட்ஸ் மாதிரி வேகத்தை அந்தத் தரம் நிர்ணயித்தது. இரு முறைகளிலும் வரிக்கு 720 மாதிரிகள் என்பது அதன் விளைவு. இதனால் டிவிடியின் பிக்சல் சதுரமாக இருப்பதில்லை. 4:3 படத்தை விகிதம் கெடாமல் சதுரப் பிக்சலில் காட்ட, என்டிஎஸ்சியில் 640×480 அளவும் பாலில் 768×576 அளவும் தேவை. அகலத்திரைக்காகப் பக்கவாட்டில் நெருக்கிப் பதிந்த 16:9 வட்டுகளில் அதே 720 பிக்சல், பார்க்கும்போது முறையே 854, 1024 அகலத்துக்கு விரிய வேண்டும். கையடக்கக் கருவிகளின் திரைகளோ ஏறக்குறைய எல்லாமே சதுரப் பிக்சல் கொண்டவை. எனவே அளவை மாற்றாமலே விடுவது என்பதற்குக்கூட இரண்டு பொருள் உண்டு: பிக்சல் எண்ணிக்கையை மாற்றாமல் விடுவது ஒன்று, படத்தின் வடிவத்தைக் காப்பது மற்றொன்று.

கறுப்புப் பட்டைகள் இதைவிடப் பெரிய கழிவு. தமிழ்ப் படங்களில் பெரும் பகுதி எடுக்கப்பட்ட 2.35:1 சினிமாஸ்கோப் விகிதத்தை வைத்துப் பார்க்கலாம். அத்தகைய படம் 16:9 என்டிஎஸ்சி வட்டில் இருந்தால், 480 வரிகளில் ஏறத்தாழ 363 மட்டுமே படம். மீதி 117 வரிகள் கறுப்பு. அதே படத்தை நெருக்காமல் 4:3 சட்டத்துக்குள் பட்டை வைத்துப் பதிந்திருந்தால் படம் 272 வரிகளுக்குச் சுருங்கிவிடும். இரண்டுமே டிவிடிதான்; ஆனால் மாற்றத்துக்குக் கிடைக்கும் மூலப்பொருளில் கால் பங்கு வித்தியாசம் இருக்கிறது. வட்டின் உறையைப் பார்த்து எண்ணைத் தேர்ந்தெடுக்கும் எந்த வழிகாட்டியும் இந்த இடத்திலேயே தவறத் தொடங்குகிறது.

முதல் நிலைப்பாடு: திரை எவ்வளவோ, படமும் அவ்வளவு

மிகப் பழைய விடை இது. திரையில் 320×240 பிக்சல்தான் இருக்கிறது என்றால் அதற்கு மேல் ஏன் கொடுக்க வேண்டும் என்பது இதன் வாதம். இதற்கு விசிடியில் ஒரு முன்னோடி உண்டு. 1993இல் வரையறுக்கப்பட்ட விசிடி, 352×240 அல்லது 352×288 அளவில் எம்பெக்-1 படத்தை வைத்திருந்தது. தமிழ்நாடு, இலங்கை உட்பட ஆசியாவின் பல பகுதிகளில் வீட்டு டிவியில் படம் பார்ப்பதற்கு ஆண்டுக்கணக்கில் அந்த அளவே போதுமானதாக இருந்தது. டிவியிலேயே அது போதுமென்றால் உள்ளங்கைத் திரைக்குக் கேட்கவே வேண்டாம் என்ற எண்ணம் இயல்பாக எழுந்தது.

2005 அக்டோபரில் வீடியோ காட்டும் முதல் ஐபாட் வந்தபோது இந்த விடை அதிகாரபூர்வமான விடை போலவே ஆனது. அதன் 2.5 அங்குலத் திரையின் அளவு 320×240, எச்.264 முறையில் சுருக்கிய படத்துக்கு ஆப்பிள் அறிவித்த உச்ச வரம்பும் 320×240, நொடிக்கு 768 கிலோபிட். ஐட்யூன்ஸ் கடையில் விற்ற வீடியோக்களும் அதே அளவில்தான் இருந்தன. 76,800 பிக்சல் கொண்ட அந்தத் திரைக்கு 3,45,600 பிக்சல் கொண்ட வட்டிலிருந்து மாற்றினால், சரியாக நாலரைப் பிக்சலுக்கு ஒன்று மிஞ்சும்.

இந்த நிலைப்பாட்டுக்கு உண்மையான பலங்கள் உண்டு. கோப்பு சிறியது. இரண்டு மணி நேரப் படம், 128 கிலோபிட் ஒலியோடு சேர்த்து, ஏறத்தாழ 800 மெகாபைட்டில் அடங்கும். அளவு குறைக்கும் வேலையைக் கணினி பொறுமையாக, லான்சோஸ் போன்ற நல்ல வடிகட்டியைக் கொண்டு செய்கிறது. பிளேயரின் சிறிய சிப் அவசரமாகச் செய்யும் குறைப்பைவிடப் படம் தெளிவாக வர வாய்ப்பு அதிகம். சிப்புக்கு வேலை குறைவதால் பேட்டரியும் நீடிக்கும். முதல் 30 ஜிபி வீடியோ ஐபாட் முழு சார்ஜில் ஏறத்தாழ 2 மணி நேரமே வீடியோ ஓட்டியது என்பதை நினைத்தால் இது சிறிய ஆதாயமல்ல.

பலவீனம் காலத்தோடு சேர்ந்து வந்தது. திரையை அளவுகோலாக வைத்தால், திரை மாறும்போது கோப்பும் பழையதாகிவிடும். 2007இல் ஐபோனும் ஐபாட் டச்சும் 480×320 திரையோடு வந்தன; 2010இல் ஐபோன் 4, 960×640 திரையோடு வந்தது. ஐந்தாண்டுக்குள் திரையின் பிக்சல் எண்ணிக்கை எட்டு மடங்கானது. ஐபாடை டிவியோடு இணைத்துப் பார்த்தவர்களுக்கோ இந்தக் குறை முதல் நாளிலேயே தெரிந்தது. அகலத்திரைப் படங்களுக்கு வேறொரு குறையும் உண்டு. 2.35:1 படத்தை 320 அகலத்துக்குள் வைத்தால் உயரம் 136 வரிகள்தான். முழு உருவக் காட்சியில் ஒரு முகத்துக்குப் பத்துப் பதினைந்து வரிகள் கிடைத்தால் பெரிது. கண்ணும் வாயும் எங்கே இருக்கின்றன என்பது தெரியும். அவை என்ன சொல்கின்றன என்பது தெரியாது.

இரண்டாம் நிலைப்பாடு: கருவி தாங்கும் உச்சம் வரை

இரண்டாவது விடை திரையை விட்டுவிட்டு, கருவிக்குள் இருக்கும் டிகோடரைப் பார்க்கிறது. கருவி எவ்வளவு பெரிய படத்தைத் தடையில்லாமல் ஓட்டுமோ அவ்வளவும் கொடு, திரைக்கேற்பக் குறைப்பதை அதுவே பார்த்துக்கொள்ளட்டும் என்பது இதன் சாரம். 2006 செப்டம்பரில் ஆப்பிள் எச்.264 வரம்பை 640×480 ஆகவும், நொடிக்கு 1.5 மெகாபிட் ஆகவும் உயர்த்தி, கடையின் படங்களையும் அதே அளவுக்கு மாற்றியபோது இந்த நிலைப்பாடு பரவியது. திரை அதே 320×240தான். அப்படியும் படத்தை வெளியிடுபவரே நான்கு மடங்கு பிக்சல் தரத் தொடங்கியது, திரை அளவே எல்லை என்ற வாதத்தை வெகுவாகத் தளர்த்தியது.

இந்த வரம்புகள் எங்கிருந்து வருகின்றன என்பதை எச்.264 தரத்தின் நிலைகள் காட்டுகின்றன. படம் 16×16 பிக்சல் கட்டங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒரு நொடிக்கு எத்தனை கட்டங்களைக் கையாள வேண்டும் என்று ஒவ்வொரு நிலையும் வரையறுக்கிறது. 1.3ஆம் நிலைக்கு அது 11,880. 320×240 படத்தில் 20×15, அதாவது 300 கட்டங்கள். நொடிக்கு 30 ஃபிரேம் என்றால் 9,000, வரம்புக்குள் அடங்கும். 3.0 நிலைக்கு வரம்பு 40,500. 720×480 படத்தில் 1,350 கட்டங்கள், நொடிக்கு 30 ஃபிரேம்: 40,500. 720×576 படத்தில் 1,620 கட்டங்கள், நொடிக்கு 25 ஃபிரேம்: அதுவும் 40,500. டிவிடி அளவுப் படத்தை முழுதாக ஓட்டுவதற்கான வாசல் இந்த 3.0 நிலை. ஒரு கருவி இதைத் தாண்டிவிட்டால் ரெசல்யூஷனைக் குறைக்கச் சொல்லும் தொழில்நுட்பக் கட்டாயம் பெரும்பாலும் நீங்கிவிடுகிறது.

இந்த நிலைப்பாட்டின் பலவீனம், டிகோடரின் உண்மையான வல்லமையும் தயாரிப்பாளர் திறந்துவிடும் வரம்பும் ஒன்றாக இருப்பதில்லை என்பது. சோனி பிஎஸ்பி இதற்கு நல்ல சான்று. 2004 டிசம்பரில் 480×272 திரையோடு வந்த அந்தக் கருவி, யுஎம்டி வட்டில் விற்ற படங்களை நன்றாகவே ஓட்டியது. மெமரி ஸ்டிக்கில் பயனர் தாமே மாற்றி வைக்கும் படத்துக்கு மட்டும் மொத்தம் 76,800 பிக்சல் என்ற எல்லை இருந்தது. அதற்குள் அகலத்திரையை அடக்க 368×208, 416×176 போன்ற அளவுகள் புழக்கத்துக்கு வந்தன. இரண்டும் 16ஆல் வகுபடுபவை. முதலாவது 76,544 பிக்சல், எல்லைக்குச் சற்றே கீழே. 2007 மார்ச்சில் வந்த 3.30 மென்பொருள் 480×272, 720×480 அளவுகளுக்கு வழிவிட்டது. வன்பொருள் மாறவில்லை. அதுவரை 368×208இல் மாற்றி வைத்தவர்களின் கோப்புகள் ஒரே நாளில் கருவி ஏற்கும் அளவைவிடச் சிறியவையாகிப்போயின.

மூன்றாம் நிலைப்பாடு: பிட் எவ்வளவு இருக்கிறது?

மூன்றாவது விடை கணினியில் படம் சேர்த்தவர்களிடமிருந்து வந்தது. டிவ்எக்ஸ், எக்ஸ்விட் என்ற கோடெக்குகளின் (படத்தைச் சுருக்கி விரிக்கும் மென்பொருள்களின்) காலத்தில் குறிக்கோள் தெளிவாக இருந்தது: ஒரு படம் ஒரு 700 மெகாபைட் சிடியில் அடங்க வேண்டும். கோப்பின் அளவும் படத்தின் நீளமும் முடிவாகிவிட்டால் பிட்ரேட் தானாக வந்துவிடும். ரெசல்யூஷனை அந்தப் பிட்ரேட்டுக்கு ஏற்பக் குறைக்க வேண்டும். கோர்டியன் நாட் போன்ற மென்பொருள்கள், ஒரு ஃபிரேமில் ஒரு பிக்சலுக்கு எத்தனை பிட் கிடைக்கிறது என்ற எண்ணைக் காட்டின. அது 0.2க்கு அருகில் இருப்பது நல்லது, வெகுவாகக் கீழே போனால் கட்டம் கட்டமாகச் சிதையும் என்பது அன்றைய நடைமுறை அறிவு.

கணக்கைச் செய்து பார்த்தால் இதன் நியாயம் புரியும். 2 மணி நேர ஸ்கோப் படம், 128 கிலோபிட் ஒலி, ஒரு சிடி. படத்துக்கு மிஞ்சுவது நொடிக்கு ஏறத்தாழ 687 கிலோபிட். 640×272 அளவில், நொடிக்கு 24 ஃபிரேம் என்றால், பிக்சலுக்கு ஏறத்தாழ 0.165 பிட். 512×224க்கு இறங்கினால் 0.25. இப்போது இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படத்தை எடுத்துக்கொள்வோம். அதே சிடியில் நொடிக்கு 524 கிலோபிட்தான் மிஞ்சும். 640×272இல் அது 0.13க்கு அருகே சரிகிறது, 0.2க்கு மேல் வைக்க 480×208 அளவுக்கு இறங்க வேண்டும். ஹாலிவுட் படங்களின் நீளத்தை மனதில் வைத்துத் தந்த பரிந்துரைகளை நீளமான இந்தியப் படங்களுக்கு அப்படியே பயன்படுத்தினால் ஏன் படம் கலங்கியது என்பதற்கு இந்த வகுத்தலிலேயே விடை இருக்கிறது. பாடல் காட்சிகளில் இது இன்னும் கூடுதலாகத் தெரியும். ஆட்டக் குழுவும் வண்ண உடையும் கேமரா அசைவும் சேர்ந்து பிட்டை விழுங்கும்.

இந்த நிலைப்பாடு ரெசல்யூஷனைத் தனி எண்ணாகப் பார்க்காமல், பிட்டோடு சேர்த்துப் பார்க்கக் கற்றுக்கொடுத்தது. அதுவே இதன் நிலையான பங்களிப்பு. ஆனால் பிக்சலுக்கு இத்தனை பிட் என்ற ஒற்றை வாசல் எண் நிற்கவில்லை. முதலாவதாக, கோடெக் மாறினால் எண் மாறுகிறது, எச்.264 அதே தெளிவை எக்ஸ்விட்டைவிடக் குறைந்த பிட்டில் தருகிறது. இரண்டாவதாக, படம் பெரிதாகும்போது அக்கம்பக்கத்துப் பிக்சல்கள் மேலும் ஒத்துப்போவதால், பிக்சலுக்குத் தேவைப்படும் பிட் குறைகிறது. வீடியோ வல்லுநர் பென் வாகனர் முன்வைத்த நடைமுறை விதிப்படி, பிட்ரேட் பிக்சல் எண்ணிக்கையின் 0.75 அடுக்கில் கூடினால் போதும். நான்கு மடங்கு பிக்சலுக்கு 2.8 மடங்கு பிட் என்றாகிறது. மூன்றாவதாக, சேமிப்பு மலிவானதும் ஒரு சிடி என்ற எல்லையே பொருளிழந்தது. எக்ஸ்264 போன்ற குறிமாற்றிகளில் தரத்தை நிலையாக வைத்து அளவைத் தன்போக்கில் விடும் முறை வந்தபின், ரெசல்யூஷனைக் குறைத்துப் பிட்டை மிச்சப்படுத்தும் தேவை பலருக்கு இல்லாமல்போனது.

நான்காம் நிலைப்பாடு: மூலத்தில் கை வைக்காதே

இந்த விடை ஆவணக் காப்பு மனநிலையிலிருந்து வருகிறது. கறுப்புப் பட்டையை மட்டும் வெட்டு. மற்றபடி வட்டில் உள்ள பிக்சலை அப்படியே வைத்து, எந்த விகிதத்தில் விரித்துக் காட்ட வேண்டும் என்ற குறிப்பைக் கோப்பில் எழுது. 2003இல் எரிக் பெட்டி பீஓஎஸ்ஸுக்காக எழுதித் தொடங்கிய ஹேண்ட்பிரேக், பின்னாளில் இந்த அனமார்ஃபிக் முறையை எளிதாக்கிப் பரப்பியது. 2007இல் ஆப்பிள் டிவி போன்ற வரவேற்பறைக் கருவிகள் வந்தபின், ஒரே கோப்பு கையிலும் டிவியிலும் ஓட வேண்டும் என்ற விருப்பமும் சேர்ந்துகொண்டது.

இதன் தர்க்கம் எளிது. ஒவ்வொரு அளவு மாற்றமும் ஓர் இழப்பு. 720 பிக்சலை 640க்குக் குறைத்தாலும் இழப்பு; 854க்கு விரித்தால் புதிய விவரம் எதுவும் பிறக்காமல் பிட் மட்டும் செலவாகும். விரிப்பதைப் பார்க்கும் நேரத்துக்கு ஒத்திவைத்தால் இரண்டையும் தவிர்க்கலாம்.

பலவீனம் கருவிகளின் பக்கம். விகிதக் குறிப்பை மதிக்காத கையடக்க பிளேயர்கள் பல இருந்தன. அவற்றில் 720×480 அகலத்திரைப் படம் 3:2 வடிவில் நின்றது. முகங்களெல்லாம் நீண்டு மெலிந்து தெரிந்தன. 16ஆல் வகுபடாத அளவுகளில் சில பழைய டிகோடர்கள் தடுமாறியதும் இன்னொரு சிக்கல். அதனால்தான் 854க்குப் பதில் 848 அல்லது 864 என்ற அளவுகளைக் காண்கிறோம். ஒரு சதவீத அளவிலான இந்த வடிவப் பிழை கண்ணுக்குத் தெரிவது அரிது. பேட்டரி, சேமிப்பு என்ற பழைய தடைகள் இன்று பெரிதும் நீங்கிவிட்டன. எல்லா நிலைப்பாடுகளிலும் காலம் தன் பக்கம் சாய்ந்த நிலைப்பாடு இதுவே எனலாம்.

ஐந்தாம் நிலைப்பாடு: கண்ணே அளவுகோல்

கடைசி விடை கருவியையும் கோப்பையும் விட்டுப் பார்ப்பவரின் கண்ணுக்கு வருகிறது. ஸ்நெல்லன் 1862இல் தந்த பார்வைச் சோதனை அட்டையின் அடிப்படையில், இயல்பான கண் ஒரு பாகையின் 60இல் ஒரு பங்கை, அதாவது ஒரு கலையைப் பிரித்தறியும் என்று கொள்வது வழக்கம். சிறிய திரையில் கண்ணுக்கு இதைவிட நுட்பம் தெரியாது, ஆகவே குறைந்த ரெசல்யூஷன் போதும் என்று பலர் இதைக் காட்டி வாதிட்டார்கள்.

கணக்கு வேறு முடிவைத் தருகிறது. கருவியை 30 செ.மீ. தூரத்தில் பிடித்தால், ஒரு கலை என்பது 0.087 மில்லிமீட்டர், அங்குலத்துக்கு ஏறத்தாழ 290 பிக்சல். வீடியோ ஐபாடின் திரையில் அங்குலத்துக்கு ஏறத்தாழ 160, பிஎஸ்பியில் 128. இரண்டு திரைகளும் கண்ணின் திறனுக்கு வெகு கீழே இருந்தன. 5 செ.மீ. அகலமுள்ள ஐபாட் திரை அந்தத் தூரத்தில் கண்ணில் ஏறத்தாழ 10 பாகையை அடைக்கும்; கண் அதில் 580 பிக்சல் வரை பிரித்தறியக்கூடும். 9.5 செ.மீ. அகலமுள்ள பிஎஸ்பி திரையில் 1,080 வரை. கண்ணை அளவுகோலாக ஏற்றால், டிவிடியின் 720 பிக்சல் பிஎஸ்பி அளவுள்ள திரைக்குப் போதாது என்றே சொல்ல வேண்டியிருக்கும். அன்று தடையாக இருந்தது திரையின் பிக்சல் பஞ்சம். கண்ணின் மேல் பழி போடப்பட்டது.

2010 ஜூனில் ஐபோன் 4, அங்குலத்துக்கு 326 பிக்சலோடு அறிமுகமானபோது, 300ஐத் தாண்டினால் கண்ணால் பிரித்தறிய இயலாது என்ற வாதத்தை ஸ்டீவ் ஜாப்ஸ் முன்வைத்தார். டிஸ்ப்ளேமேட் நிறுவனத்தின் ரேமண்ட் சோனைரா அதை மறுத்து, நல்ல கண்ணுக்கு 12 அங்குலத் தூரத்தில் 477 வரை தெரியும் என்றார். ஒரு கலை என்ற எல்லை சராசரியா, உச்சமா என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. அசையும் படத்துக்கும் அசையா எழுத்துக்கும் ஒரே எல்லை பொருந்துமா என்பதும் கேட்கத்தக்கதே.

எல்லாக் கணக்கிலும் விடுபட்டவை

மூன்று விஷயங்களை ஐந்து நிலைப்பாடுகளுமே போதிய அளவு கவனிக்கவில்லை.

முதலாவது, சப்டைட்டில். டிவிடியில் அது எழுத்தாக இருப்பதில்லை. நான்கு நிறங்களுக்குள் வரைந்த சிறு படங்களாக இருக்கிறது. 720 அகலத்தில் இரண்டு பிக்சல் தடிமனுள்ள ஒரு கோடு, 320க்குக் குறைத்தால் ஒரு பிக்சலுக்கும் குறைந்து சாம்பல் நிழலாகிவிடும். படம் பார்க்கும்படி இருக்கும், வசனம் படிக்க முடியாது. மொழி தெரியாத படத்தைச் சப்டைட்டிலை நம்பிப் பார்ப்பவருக்கு, ரெசல்யூஷனைத் தீர்மானிக்க வேண்டியது காட்சியைவிட எழுத்துதான். அந்தச் சிறு படங்களை எழுத்தாக மாற்றி, அளவு குறைத்த பிறகு பெரிதாகப் பதிவது ஒரு தீர்வு. பெரும்பாலான முன்னமைவுகள் இதை எண்ணிப் பார்த்ததில்லை.

இரண்டாவது, நிறம். டிவிடியிலும் எச்.264 கோப்பிலும் நிறத் தகவல், ஒளித் தகவலைவிட நீளத்திலும் அகலத்திலும் பாதியாகவே சேமிக்கப்படுகிறது. 320×240 கோப்பில் நிறத்துக்கு 160×120 புள்ளிகளே உண்டு. ஆனால் ஐபாட் திரையின் 320×240 பிக்சலும் முழு நிறத்தைக் காட்ட வல்லவை. 640×480 கோப்பில் நிறத்துக்குக் கிடைப்பது சரியாக 320×240. ஆகவே திரை அதே அளவாக இருந்தாலும், பெரிய கோப்பை அந்தத் திரையில் குறைத்துக் காட்டும்போது சிவப்புச் சேலையின் ஓரமும் வண்ண எழுத்தும் கூர்மையாக வர வாய்ப்பிருக்கிறது. திரைக்குச் சமமான அளவே போதும் என்ற முதல் நிலைப்பாட்டுக்கு உள்ளிருந்தே எழும் வலுவான மறுப்பு இது. பிளேயரின் குறைப்பு முறை மோசமாக இருந்தால் இந்த ஆதாயம் கிடைக்காது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, இடைவரி. டிவிக்காக எடுத்த நிகழ்ச்சிகளில் ஒரு ஃபிரேமின் ஒற்றை வரிகளும் இரட்டை வரிகளும் வெவ்வேறு கணத்தைச் சேர்ந்தவை. அவற்றைப் பிரிக்காமல் உயரத்தைக் குறைத்தால் இரு கணங்களும் கலந்து நிழலாடும். 240 வரிகளே போதும் என்பவருக்கு எளிய வழி உண்டு: என்டிஎஸ்சியில் ஒரு வரித் தொகுதியை மட்டும் எடுத்தால் அதில் சரியாக 240 வரிகள் இருக்கின்றன. 480 வரிகளைக் காக்க விரும்புபவருக்கோ நல்ல இடைவரி நீக்கி தேவை. அதன் தரமே படத்தின் தெளிவைத் தீர்மானிக்கும். மூலம் திரைப்படமா, டிவி நிகழ்ச்சியா என்று பாராமல் ரெசல்யூஷனைப் பரிந்துரைப்பது அரைகுறைப் பரிந்துரை.

மதிப்பீடு: முடிந்தவையும் முடியாதவையும்

சில விஷயங்கள் முடிந்துவிட்டன என்று சொல்லலாம். டிவிடியின் அளவுக்கு மேல் விரித்து மாற்றுவதால் விவரம் கூடாது. திரையின் அளவை மட்டும் பார்த்து முடிவெடுப்பது, கருவியின் ஆயுள் முடியும் வரைக்கே செல்லும். ரெசல்யூஷனையும் பிட்ரேட்டையும் தனித்தனியே தீர்மானிக்க முடியாது. சேமிப்பும் டிகோடரும் இடம்கொடுத்தால், பட்டையை வெட்டிவிட்டு மூலப் பிக்சலை அப்படியே வைப்பதே மிகக் குறைந்த வருத்தம் தரும் தேர்வு. இன்றைய போன்களில் அதற்குத் தடை பெரும்பாலும் இல்லை. வட்டில் மட்டுமே கிடைக்கும் படமாக இருந்தால் இந்தத் தேர்வின் மதிப்பு இன்னும் கூடுகிறது. பின்னால் வேண்டுமானால் குறைத்துக்கொள்ளலாம், கூட்டிக்கொள்ள முடியாது.

முடியாதவையும் உண்டு. பிட் இறுக்கமாக இருக்கும்போது பெரிய, சற்றுக் கலங்கிய படம் நல்லதா, சிறிய, தெளிந்த படம் நல்லதா என்பதற்குப் பொது விடை இன்னும் இல்லை. 2015 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸ் வெளியிட்ட, படத்துக்குப் படம் தனித்தனியே குறிமாற்றம் செய்யும் முறை, ஒவ்வொரு படத்தையும் பல ரெசல்யூஷன்களில் சோதித்து, எந்தப் பிட்ரேட்டில் எது முந்துகிறது என்று வரைந்து பார்த்தது. அந்தக் கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடம் படத்துக்குப் படம் மாறுகிறது. கோர்டியன் நாட் காலத்தில் கேட்ட கேள்வி சரியானது, அதற்கு ஒரே எண்ணை விடையாக எதிர்பார்த்ததுதான் சரியல்ல என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

தரத்தை அளக்கும் கருவியும் முடிந்த விஷயமல்ல. பழைய பிஎஸ்என்ஆர், 2004இல் வந்த எஸ்எஸ்ஐஎம், 2016இல் வந்த விமாஃப் ஆகியவை ஒரே கோப்புக்கு வெவ்வேறு மதிப்பெண் தருகின்றன. விமாஃபில் போன் திரைக்கெனத் தனி மாதிரியே உண்டு. பார்க்கும் சூழல் மாறினால் தரம் பற்றிய தீர்ப்பும் மாறும் என்பதை அளவுமுறையே ஒப்புக்கொள்கிறது. ஓடும் பேருந்தில், வெயில் படும் திரையில் பார்ப்பவருக்கு எந்த ரெசல்யூஷன் போதும் என்பதை ஆய்வகத்தின் அசையாத கண் சொல்லிவிட முடியுமா என்பது ஐயத்துக்குரியது. சப்டைட்டிலின் வாசிப்புத்தன்மையும் நிறத்தின் கூர்மையும் இந்த அளவீடுகளில் எவ்வளவு இடம் பெற வேண்டும் என்பதும் தீராத கேள்வியே.

இவற்றுக்கு விடை வரும்வரை, எந்த எண் சரி என்று கேட்பதைவிட, எந்த இழப்பை மாற்றும்போதே ஏற்பது, எதைப் பார்க்கும் நேரத்துக்கு ஒத்திவைப்பது என்று கேட்பது பயனுள்ளது. ஐந்து நிலைப்பாடுகளும் உண்மையில் இந்தக் கேள்விக்குத் தந்த வெவ்வேறு விடைகளே. இழப்பை ஒத்திவைத்த விடைகள் நெடுநாள் நின்றிருக்கின்றன. அன்றைய கருவியின் எல்லையை நிரந்தரம் என்று நம்பிய விடைகள் அந்தக் கருவியோடு சேர்ந்து பயனற்றுப்போயிருக்கின்றன.